எனிட் பக்கிள் கழுவிய கால்

போன வசந்தத்தில் நெதர் ஹாக்ஸம் கிராமத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. எனிட் பக்கிள் ஒரு புனிதரைக் கழுவியே காலி செய்துவிட்டாள் என்று.

தபால் நிலையக் கடை பெரில் சொன்ன கதையில் அவள் கையில் இருந்தது கம்பிப் பிரஷ். அந்தக் கதை தெருவைத் தாண்டி மதுக்கடைக்குள் நுழைந்தபோது பிரஷ் போய், சுவர் சுரண்டும் மின்சாரக் கருவி வந்துவிட்டது. இரண்டு மைல் தள்ளி அப்பர் ஹாக்ஸத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து, எனிட் அந்தப் புனிதரைச் சுவரோடு பெயர்த்து லண்டனில் விற்று, வந்த காசில் ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்ந்துவிட்டுத் திரும்பியிருந்தாள்.

விசாரித்ததில் ஸ்பெயின் மட்டும் உண்மை. ஆனால் அது பதினான்கு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. டிக்கெட் மகள் எடுத்துக் கொடுத்தது, எட்டு நாளில் ஆறு நாள் வயிற்றுப்போக்கு. மற்றபடி, கம்பிப் பிரஷ் கிடையாது, அவள் கணவர் கென்னின் பழைய பனியன் துணிதான். கருவி கிடையாது, வினிகர் கலந்த வெந்நீர். காணாமல் போனதும் முழுப் புனிதர் அல்ல. ஒரு கால். இடது கால். அதுவும் கணுக்காலுக்குக் கீழே மட்டும்.

இவ்வளவு சின்ன விஷயமா என்று கேட்பவர்கள் இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் வாழ்ந்ததில்லை. இங்கே கணவனை விட்டு ஓடிப்போனவளுக்குக்கூட மூன்று வருஷம் கழித்துக் கோயிலில் பூ அடுக்கும் முறைப்பட்டியலில் இடம் கிடைத்துவிடும். கோயில் சாமான் மேல் கை வைத்தவளுக்குக் கிடைக்காது.

எனிட்டுக்கு அறுபத்தெட்டு வயது. உயரம் நாலடி பதினோரு அங்குலம். புனித பொடால்ஃப் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள அரசாங்க வீடுகளில் ஒன்றில் பிறந்து, அந்தக் கோயிலின் கல்தொட்டியில் ஞானஸ்நானம் வாங்கி, குழாய் வேலை பார்க்கும் கென்னை அதே கோயிலில் கட்டிக்கொண்டு, இருபத்தேழு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்து வருகிறவள். சம்பளம் கிடையாது. கேட்டதும் கிடையாது.

அந்தக் கோயிலை எழுநூறு வருஷமாக ஆள் மாற்றி ஆள் கட்டினார்கள். ஒருத்தன்கூடத் துடைக்கப் போகிறவளை நினைத்துப் பார்க்கவில்லை. தூணை ஒரே தூணாக விடாமல் நாலு தூணைச் சேர்த்துக் கட்டியது போலச் செதுக்கினான் ஒருவன்; இடுக்குக்கு இடுக்கு ஒட்டடை. கூரை உத்தரம் தாங்குவதற்கு மரக்கட்டை போதாதென்று ஒவ்வொரு முனையிலும் இறக்கை விரித்த தேவதையை வைத்தான் இன்னொருவன். இறக்கைக்கு மேல் என்ன இருக்கிறது என்று கடவுளுக்கும் வௌவாலுக்கும்தான் தெரியும். வௌவால்கள் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. குருவானவரை மாற்றலாம், வௌவாலை மாற்ற முடியாது. அவை பலிபீட விரிப்பின்மேல் போட்டுவிட்டுப் போவதைத் துடைக்க மட்டும் சட்டத்தில் தடை இல்லை.

வேதாகமத்தை முதுகில் தாங்கி நிற்கும் பித்தளைக் கழுகு ஒரு தடவைக்கு அரை டப்பா பாலிஷ் குடிக்கும். கல்லறைமேல் சலவைக்கல் சிலையாக மனைவியோடு படுத்திருக்கும் சர் கைல்ஸுக்கு மூக்கு இல்லை. உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் உடைத்தது என்று வழிகாட்டிப் பிரசுரம் உருக்கமாகச் சொல்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஏணி சாய்ந்து உடைந்தது என்பது எனிட்டுக்குத் தெரியும். ஏணியைப் பிடித்திருந்தவர் அவள் அப்பா.

மண்டியிடும் மெத்தைகள் அறுபத்திரண்டு. பெண்கள் சங்கம் எட்டு வருஷம் உட்கார்ந்து பின்னியது: ஆட்டுக்குட்டி, கோதுமைக் கதிர், சிலுவை, ஊர்ப் பெரிய வீட்டு டன்ஸ்டெட் குடும்பத்து நாய். முழங்கால் வலியால் ஊரில் யாரும் இப்போது மண்டியிடுவதில்லை. ஆனால் நாய் இருக்கும் மெத்தை ஓர் இடம் தள்ளிப் போனால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் எனிட் வீட்டுத் தொலைபேசி அடிக்கும்.

முன்வரிசையில் கதவு வைத்த பெட்டி இருக்கை டன்ஸ்டெட் குடும்பத்துடையது. கதவைச் சாத்திக்கொண்டால் குளிர்காற்றும் வராது, குடியானவன் பார்வையும் வராது. நடுவில் பண்ணைக்காரர்கள். கடைசியில், வாசல் காற்று நேராக முதுகெலும்பில் அடிக்கிற பெஞ்சில், எனிட் வகையறா. இன்றைக்கு யாரும் எங்கேயும் உட்காரலாம் என்பது சட்டம். யாரும் உட்காருவதில்லை என்பது வழக்கம்.

இதையெல்லாம் எனிட் பொறுத்துக்கொண்டது ஒரு சாவிக்காக. ஒன்பது அங்குல இரும்புச் சாவி. அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கல்யாணப் பெண்ணின் அம்மா, குழி வெட்டுகிறவர், ஆர்கன் பழுது பார்க்க வருகிறவர், முப்பாட்டன் கல்லறையைத் தேடி வரும் அமெரிக்கர், எல்லோரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆலய மூப்பர் மேஜர் ரூப்பர்ட் டன்ஸ்டெட், அரசாங்க வீடுகள் இருக்கும் பக்கமே வராத மனிதர், இருபத்தேழு வருஷத்தில் பதினோரு முறை அவள் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பதினோரு முறையும் என்ன தேதி என்று எனிட் சொல்வாள்.

இனி அந்தக் காலுக்கு வருவோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, துப்புரவு நோட்டில் மேஜர் தன் கையால் எழுதியிருந்தார்: "வடக்குச் சுவர், வாசலுக்கு எதிரே, பழுப்புக் கறை. தயவுசெய்து கவனிக்கவும்."

எனிட் கவனித்தாள். சோப்புத் தண்ணீருக்கு அசையவில்லை. வினிகருக்குக் கொஞ்சம் அசைந்தது. ஆனால் அந்தக் கறை வினோதமான கறை. மற்ற கறைகள் தேய்க்கத் தேய்க்கத் தேயும், இது தேய்க்கத் தேய்க்க வளர்ந்தது. முதல் வருஷம் கேரட் அளவு. நாலாவது வருஷம் முழங்கை அளவு. எட்டாவது வருஷம் அவள் மேஜரிடம் நேரில் போய்ச் சொன்னாள்.

"மேஜர், அந்தக் கறைக்கு விரல் முளைச்சிருக்கு."

"அது ஓதம், மிஸஸ் பக்கிள். சுவர் ஈரம் எப்படி வேணும்னாலும் பரவும்."

"அஞ்சு விரல், மேஜர். நகத்தோட."

மேஜர் கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப மோசமான ஓதம்," என்றார்.

எனிட் வினிகரைக் கூட்டினாள். பதினைந்தாவது வருஷம் பக்கத்தில் இன்னொரு கால் வந்தது. பிறகு ஒரு மீன் வந்தது. மீன் வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓதத்துக்கு மீன் பிடிக்கவும் தெரியும் என்பார்கள். இருபதாவது வருஷத்துக்கு மேல் இடது கால் மங்கத் தொடங்கி, ஒரு ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அடியோடு போயே போய்விட்டது.

"பாதிக் கறை போயிடுச்சு, மேஜர்."

"அபாரம்," என்றார் மேஜர், பார்க்காமலே.

இங்கே கோயில்களை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டடக்கலைஞர் ஒருவர் வந்து சோதிக்க வேண்டும். முப்பது வருஷமாக வந்துகொண்டிருந்த பிம் என்பவருக்குக் கூரைகள் பிடிக்கும். வந்ததும் அண்ணாந்து பார்ப்பார், கழுத்து வலிக்கும்வரை பார்ப்பார், போய்விடுவார். அவர் ஓய்வு பெற்று, போன மார்ச்சில் இமோஜன் விஷார்ட் என்ற இளம் பெண் வந்தாள். வாசல் கதவைத் திறந்து உள்ளே ஓர் அடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர்ச் சுவரில் எனிட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில என்னங்க அது?"

"துணி."

"துணியில?"

"வினிகர். வெந்நீர். இருபத்தேழு வருஷக் கோபம்."

"அதைக் கீழ வைச்சிடுங்க. மெதுவா. சுவர்ல படாம."

பேச்சைக் கேட்டால் எனிட் கையில் கைக்குண்டு இருந்தது போலிருக்கும். அவள் துணியை வாளியில் போட்டாள். இமோஜன் சுவர் அருகே போய் மூக்கு படும் தூரத்தில் நின்று, மீனையும் காலையும் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள்.

அது புனித கிறிஸ்டோபர். குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தவர். வாசலுக்கு நேர் எதிரே பெரிதாக வரைந்து வைப்பார்கள், காலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு அன்று திடீர்ச் சாவு வராது என்ற நம்பிக்கையில். பிறகு ஒரு ராஜா காலத்தில் படமெல்லாம் கூடாது என்று உத்தரவு வர, ஊரே சேர்ந்து சுண்ணாம்பு அடித்து மூடியது. நானூற்று எழுபது வருஷமாக அவர் சுண்ணாம்புக்குள் நின்றுகொண்டிருந்தார். சுண்ணாம்பைக் கரைப்பதற்கு வினிகரை விட நல்ல சரக்கு கிடையாது. படத்தைக் கரைப்பதற்கும்.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் எனிட்டை யாரும் திட்டவில்லை. அதுதான் அவளைக் கலவரப்படுத்தியது. குருவானவர் பிலிப்பா, ஏழு ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்வதால் பாதி ஜெபத்தைக் காரிலேயே முடித்துவிடுகிறவர், ஒரு எலுமிச்சை கேக்கோடு வீட்டுக்கே வந்தார்.

"எனிட், நீங்க செஞ்சதுக்கெல்லாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது," என்றார். "இருபத்தேழு வருஷம். யோசிச்சா மலைப்பா இருக்கு. உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணுமில்லையா?"

"எனக்கு வேணாம், குருவம்மா."

"தோள்பட்டை வலின்னு சொன்னீங்களே."

"அது வலது தோள். நான் இடது கையில தேய்க்கிறேன்."

"என்ன ஒரு அர்ப்பணிப்பு," என்றார் குருவானவர். கதவுக்குப் பின்னால் தொங்கும் சாவியை ஒரு நிமிஷம் கனிவாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கென் கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டார். "எத்தனை தடவை நன்றி சொன்னாங்க?"

"நாலு."

"கேக்கோட நாலு தடவையா? அப்ப முடிஞ்சுது. ஆர்கன் வாசிச்ச கிழவர் பெர்சிக்கு ரெண்டு தடவைதான் சொன்னாங்க, அடுத்த ஞாயிறே வேற ஆள் வாசிச்சாரு."

கென் சொன்னது சரி. இந்த ஊரில் ஒருத்தரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் நன்றி தெரிவித்துத் தீர்மானம் போடுவார்கள். அது குறிப்பேட்டில் ஏறிவிட்டால் மறுபடி உள்ளே வர வழி கிடையாது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், நன்றிக்கு என்ன சொல்வது?

"தேய்க்கிறதை விட்டுடறேன்," என்றாள் எனிட். "அந்தச் சுவர் பக்கமே போகலை. சாவியை மட்டும் குடுக்க மாட்டேன், கென். சாவி போச்சுன்னா நான் யாரு? பின்வீட்டு எனிட். அவ்வளவுதான்."

"கேக் நல்லாத்தான் இருக்கு," என்றார் கென்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கோயிலை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி கூடியது. ஒன்பது பேர். இடம் கோயிலின் பின்பக்கம், குளிர்காயும் மின்சார அடுப்பைச் சுற்றி. எனிட் கமிட்டியில் இல்லை. ஆனால் அவளிடமிருந்து சாவியை வாங்குவது பற்றிப் பேச அவள்தான் அந்தச் சாவியைக் கொண்டு கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. திறந்துவிட்டு டீ போட நின்றாள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நிகழ்ச்சி நிரலில் ஏழாவது: "சாவி. மிஸஸ் பக்கிளுக்கு நன்றி."

ஆறாவது விஷயம் சுவர். மேஜர் தலைமை. பேச்சில் எனிட் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. "துப்புரவு முறைகள்" வந்தது, "கடந்தகால நடைமுறை" வந்தது, "வருந்தத்தக்க" இரண்டு தடவை வந்தது. எல்லாவற்றையும் அவள் டீ ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

பிறகு இமோஜன் விஷார்ட் அறிக்கையைப் படித்தாள். இடது பாதம் போனது போனதுதான். ஆனால் வலது பாதம், மீன், அங்கியின் ஓரம் வெளிப்பட்டிருக்கின்றன. சுவரைக் கழுவுகிறவரின் கை எட்டாத உயரத்துக்கு மேலே, முழங்காலிலிருந்து தலைவரை, தோளில் உள்ள குழந்தையோடு, புனிதர் சுண்ணாம்புக்குள் பத்திரமாக இருக்கிறார் என்றே தோன்றுகிறது. சஃபோக்கில் இந்த அளவுள்ள படம் அபூர்வம். கழுவாமல் விட்டிருந்தால் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. கழுவியவர் இன்னும் ஓரடி உயரமாக இருந்திருந்தால் இப்போது தெரிய ஒன்றும் இருந்திருக்காது.

ஒன்பது தலைகளும் எனிட்டின் பக்கம் திரும்பி, அவள் உயரத்தை ஒரு தடவை அளந்துவிட்டு, டீக்குத் திரும்பின.

இமோஜன் தொடர்ந்தாள். படத்தை முழுசாகத் திறக்க நிதி கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: கண்டுபிடித்தது யார்?

அடுப்பு ஒரு தடவை கிளிக் என்றது. மேஜர் தொண்டையைச் செருமினார்.

"சொல்லப்போனா," என்றார், "அங்க ஏதோ இருக்குன்னு எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் இருந்தது."

கமிட்டி மெல்லத் தலையாட்டியது. டன்ஸ்டெட் குடும்பத்துக்குச் சந்தேகம் வந்தால் அது பாதி வரலாறு. பண்ணைக்காரர் ஒருவர் "சரியாச் சொன்னீங்க" என்றுகூடச் சொன்னார்.

எனிட் டீக் கூஜாவைக் கீழே வைத்தாள்.

"எப்பவுமேவா, மேஜர்?"

"ஆமாம் மிஸஸ் பக்கிள். உள்ளுணர்வுன்னு சொல்வாங்க."

"அப்ப ஏன் என்னைத் துடைக்கச் சொன்னீங்க?"

அவள் குரல் உயரவில்லை. சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற குரல்தான்.

"விரல் வந்ததுன்னு சொன்னேன். ஓதம்னீங்க. பாதி போச்சுன்னு சொன்னேன். அபாரம்னீங்க. உள்ள புனிதர் இருக்கார்னு தெரிஞ்சே துடைக்கச் சொன்னீங்களா, இல்லை தெரியாமலா? தெரியாதுன்னா என்னைப் போலத்தான் நீங்களும், அதுல ஒண்ணும் தப்பில்லை. நோட்டு அங்க அலமாரியில இருக்கு, உங்க கையெழுத்தோட. எடுத்துட்டு வரவா? கண்ணாடி மறந்திருந்தா என்னுது இருக்கு."

மேஜரின் காதுகள் மட்டும் சிவந்தன. தெரிந்துதான் சொன்னேன் என்றால் புனிதரின் காலைக் கழுவச் சொன்னவர் அவர். தெரியாமல் என்றால் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. ராணுவ அதிகாரியாக இருந்தவருக்குப் பின்வாங்க ஒரு பக்கமாவது வழி விட்டிருக்கலாம். எனிட் விடவில்லை. கூஜாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"யாருக்காவது இஞ்சி பிஸ்கட்?" என்றார் குருவானவர்.

எட்டுப் பேர் எடுத்துக்கொண்டார்கள். பிஸ்கட் கடிபடும் சத்தம் சர் கைல்ஸ் வரைக்கும் கேட்டது. கடைசியில் மேஜர் நிகழ்ச்சி நிரலைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏழாவது விஷயம். இப்ப அவசரமில்லைன்னு நினைக்கிறேன். இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும். ஒத்திவைக்கலாமா? காலவரையறை இல்லாம?"

ஒன்பது கைகள் உயர்ந்தன. நன்றித் தீர்மானம் குறிப்பேட்டில் ஏறவில்லை. எனிட் இரண்டாவது சுற்று டீயை ஊற்றினாள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதினார்கள் என்பதையும் விசாரித்தாயிற்று. செப்டம்பரில் அச்சாகி வந்த புதிய வழிகாட்டிப் பிரசுரத்திலும் அதே வாசகம்தான் இருக்கிறது: "ஆலய மூப்பர் மேஜர் ஆர். டன்ஸ்டெட்டின் பணிப்பின்பேரில் நடந்த வழக்கமான பராமரிப்பின்போது வெளிப்பட்டது."

கென் அதை இரண்டு தடவை படித்தார். "இதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"அதான் எரியுது," என்றாள் எனிட்.

வடக்குச் சுவருக்கு முன்னால் இப்போது சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது. புனிதரைக் காண வருகிறவர்கள் முதலில் எனிட் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். முன்பு மாதத்துக்கு ஓர் அமெரிக்கர் வருவார், இப்போது வாரத்துக்கு ஆறு பேர். அவள்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறாள். "இந்தக் கால் தெரியுதா? இது நான் விட்டது," என்கிறாள். பெரில் கடையில் பேச்சு மாறி, எனிட்டுக்குக் கனவில் புனிதர் வந்து இடத்தைக் காட்டினார் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் விசாரித்தாயிற்று. கனவில் வந்தது மீன் மட்டும்தான்.

இன்னும் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. அன்று கமிட்டி கலைந்து எல்லோரும் போன பிறகு எனிட் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மேஜர் வாசல் கூரையின் கீழ் தயங்கி நின்றார். பின்னால் நகர்ந்ததில் தூணில் முழங்கை இடித்தது. "மன்னிக்கணும்," என்றார் தூணிடம். இந்த ஊர்க்காரர்கள் மூடிய கதவிடமும் வழியில் படுத்த பூனையிடமும் அதைச் சொல்வார்கள், யோசிக்காமல். அதையே எனிட்டைப் பார்த்துச் சொல்ல மேஜர் வாயைத் திறந்தது உண்மை. பாதி வழியில் அது வேறொன்றாக மாறிவிட்டது.

"மிஸஸ் பக்கிள், நீங்க ஒரு நாள் நம்ம வீட்டுக்கு டீக்கு வரணும்."

மேஜர் வகையறா 'ஒரு நாள்' என்றால் அந்த நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது. அது விடைபெறும் விதம். கேட்டவரும் "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவதுதான் முறை. எனிட்டுக்கு இந்த முறை பிறந்ததிலிருந்து தெரியும்.

"எந்த நாள், மேஜர்?"

"ம்… ஒரு நாள்."

"செவ்வாய் எனக்கு ஒத்து வரும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சுக்காரி முதல் ஆளாக எழுந்து வாசலில் நிற்கிறாள். பெட்டி இருக்கையின் கதவைத் திறந்துகொண்டு வரும் மேஜர் வேறு வாசல் இருக்கிறதா என்று பார்க்கிறார். கோயிலுக்கு இருப்பது ஒரே வாசல்; குருவானவர் அங்கி மாற்றும் அறைக்கு இன்னொன்று உண்டு, அதன் சாவியும் அவளிடம்தான்.

ஜனவரி வந்துவிட்டது. போன ஞாயிறும் கேட்டாள்.

"செவ்வாய், மேஜர்?"

"இந்தச் செவ்வாய் நாயை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"பரவாயில்லை. அடுத்த செவ்வாய் வரும்."

"அன்னிக்குப் பாருங்க, என் மனைவியோட தங்கச்சி வர்றா."

"அப்ப அவங்களையும் பார்த்த மாதிரி ஆச்சு," என்றாள் எனிட். "எனக்கு ரெண்டு சர்க்கரைன்னு மட்டும் உங்க வீட்டம்மாகிட்ட சொல்லி வைங்க."